தகுதியில்லாதவனுக்குத் திருவிருந்தில் இடம் உண்டா?

"என்னைப் போன்ற தகுதியில்லாதவனுக்கும் கிருபை உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபின், வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று சொல்லி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில், கையெழுத்து வாங்கினீர்கள். தம்பிதானே என்று அவர் வாசித்துப் பார்க்காமலே போட்டார். வீடு முழுவதும் உங்கள் பெயருக்கு வந்தது. விஷயம் தெரிந்தபோது அவர் சண்டை போடவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். பிறகு நோயில் இறந்தும் போனார். அதன்பின் ஆறு வருடமாக, ஆலயத்தில் இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தை நீங்கள் எடுக்கவில்லை. தினமும் இரவில் அதே பாவத்தை அறிக்கை செய்கிறீர்கள், மன்னிப்பு கிடைத்த மாதிரியே இல்லை. மன்னிப்பே இல்லை என்று இயேசு சொன்ன, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவமாக இருக்குமோ என்ற பயம் வேறு. "சில நாள் உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கிருபை உண்டா இல்லையா என்பதற்கு உங்களுக்கே பதில் தெரியும், ஓய்வுநாள் பள்ளியில் படித்ததுதான். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. அந்த மேசைக்கு நான் வரலாமா, வந்தால் தண்டனை விழுமா என்று கேட்கிறீர்கள். ஆண்டவர் மன்னித்தார் என்றால் அது ஏன் என் மனசுக்கு எட்டவில்லை என்றும் கேட்கிறீர்கள். கேட்காமல் விட்டது ஒன்றும் இருக்கிறது. "அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் காலேஜ் படிக்கிறாள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அந்த வரிக்கும் வருகிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் சேகரகுருவாக, அதாவது சில சபைகளைச் சேர்த்துக் கவனிக்கிற போதகராக, இருந்து ஓய்வு பெற்றவன். இறையியலை மதுரை அரசரடியில் படித்தேன், மீதியைத் தெற்கத்திக் கிராமச் சபைகளில் படித்தேன். மனநல மருத்துவனும் அல்ல, வக்கீலும் அல்ல. அந்த இரண்டு பேரும் உங்களுக்குத் தேவைப்படலாம் என்று தோன்றுவதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

தகுதியிலிருந்து ஆரம்பிப்போம். உங்களுக்குத் தகுதி இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள், இதில்தான் ஆறுதலே இருக்கிறது. திருவிருந்து ஆராதனையில் அப்பத்தை எடுப்பதற்கு முன்னால் சபையார் எல்லாரும் முழங்கால்படியிட்டு ஒரு ஜெபம் சொல்கிறோமே, "உம்முடைய மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல" என்ற பொருளில், அதை 1548இல் ஆங்கில சபைக்கு எழுதிக் கொடுத்தவர் பேராயர் கிரான்மர். கத்தோலிக்கத் திருப்பலியிலும் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்பு, கப்பர்நகூம் நூற்றுக்கு அதிபதி சொன்ன வார்த்தையை எடுத்து, "நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லும்" என்று எல்லாரும் சொல்வார்கள். பிஷப்பும் சொல்ல வேண்டும், பாப்பரசரும் சொல்ல வேண்டும். அதாவது, தகுதியில்லை என்று வாயால் ஒப்புக்கொள்ளாமல் அந்த மேசைக்கு யாரும் போவதே இல்லை. நீங்கள் ஆறு வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பது, முன்னால் போகிறவர்கள் சொல்கிற அதே ஜெபம்தான். அதைச் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போகிறார்கள், நீங்கள் மட்டும் போகவில்லை.

இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கிறிஸ்தவ விசுவாசத்தில் சபைக்குச் சபை மாறுகிற விஷயங்கள் நிறைய உண்டு, இது மாறாதது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்" என்கிறார் பவுல் (ரோமர் 5:8). திருந்தினபின் என்றோ, திருந்துவோம் என்று தெரிந்ததால் என்றோ அவர் சொல்லவில்லை. லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலில், இந்த விருந்துக்குத் தகுதியானவன் யார் என்று கேட்டு, உனக்காகக் கொடுக்கப்பட்டது என்ற வார்த்தையை நம்புகிறவன்தான் என்று பதில் சொல்கிறார். 1563இல் வந்த, சீர்திருத்தச் சபைகளின் ஹைடல்பெர்க் ஞானோபதேசமும், தன் பாவத்தைக் குறித்துத் தன்மேலேயே வெறுப்புள்ளவர்கள் வரட்டும் என்கிறது. லூத்தரன்காரரும் சீர்திருத்தச் சபைக்காரரும் இந்த விருந்தைப் பற்றி எத்தனையோ காரியத்தில் சண்டை போட்டவர்கள். இதில் மட்டும் ஒரே குரல்.

சரி, அப்படியானால் 1 கொரிந்தியர் 11 என்ன சொல்கிறது? அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசிக்கிறவன் கர்த்தருடைய சரீரத்தையும் இரத்தத்தையும் குறித்துக் குற்றமுள்ளவன் என்ற 27ஆம் வசனம்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. நம் சபைகளில் இந்த வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து வாசிப்பதால் எத்தனை பேர் பயந்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போகும்போது சிலர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ தேடுவது மாதிரி பக்கம் புரட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் வெளியே வர வழிவிட்டு, முழங்காலை மட்டும் ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் இது நன்றாகவே தெரியும்.

அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே போய் 20ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் அப்போது திருவிருந்து என்றால் ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமும் அல்ல, சாப்பாட்டோடு சேர்ந்த கூட்டம். வசதியானவர்கள் சீக்கிரம் வந்து, தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். கூலி வேலையும் எஜமான் வேலையும் முடித்துவிட்டு வருகிறவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் 27ஆம் வசனம் வருகிறது. முடிவில் அவர் கொடுக்கிற புத்தியும் அதற்கேற்ற மாதிரியே இருக்கிறது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அப்புறம் 28ஆம் வசனத்தையும் பாருங்கள். மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்றுதான் இருக்கிறது. சோதித்தறிந்து விலகிப் போகக்கடவன் என்று இல்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு, அது உங்களுக்குக் கசக்கும். கொரிந்தியரின் குற்றம் என்ன? அடுத்தவனுடைய பங்கைச் சாப்பிட்டுவிட்டு, அவன் பசியோடு நிற்கும்போது ஆண்டவருடைய விருந்தில் உட்கார்ந்தது. ஆக, இந்த வசனம் உங்களைப் பார்த்துப் பேசவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேசுகிறது. ஆனால் நீங்கள் காது கொடுக்கிற இடத்திலிருந்து பேசவில்லை. உன் மனசு இன்னும் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று அது உங்களைக் கேட்கவில்லை, உன்னால் பங்கில்லாமல் போனவன் யார் என்று கேட்கிறது. நீங்கள் ஆறு வருடம் சாப்பிடாமல் இருந்ததால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சென்ட் நிலம் கூடத் திரும்பவில்லை.

அதே பகுதியில், இதினிமித்தம் உங்களில் அநேகர் வியாதியுள்ளவர்களாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையடைந்தார்கள் (இறந்தார்கள்) என்றும் பவுல் எழுதியிருக்கிறார். அதை மழுப்ப முடியாது. கொரிந்து சபைக்கு நேர்ந்ததை அவர் அப்படித்தான் பார்த்தார். ஆனால் 2 வசனம் தள்ளி, உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கே இந்தச் சிட்சை என்று அவரே காரணமும் சொல்கிறார். இதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒருவருக்கு வந்த வியாதியைப் பார்த்து இது அதனால்தான் என்று சொல்ல எந்த ஊழியக்காரருக்கும் அதிகாரம் இல்லை. அக்காவுக்கு வந்த நோய் உங்கள் பாவத்தின் தண்டனை என்று யாரோ ஜெபக்கூட்டத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றினவனை விட்டுவிட்டு ஏமாந்தவளை வியாதியால் அடிக்கிற கடவுளை வேதத்தில் எங்கே பார்த்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அடுத்தது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம். இதிலும் சந்தர்ப்பத்தைப் பார்க்க வேண்டும், அதிர்ஷ்டவசமாக மாற்கு அதை எழுதியே வைத்திருக்கிறார். இயேசு பிசாசுகளைத் துரத்துவதை எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் கண்ணால் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு இது பிசாசுகளின் தலைவன் பெயெல்செபூலின் வேலை என்கிறார்கள். "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறானென்று அவர்கள் சொன்னபடியினாலே அவர் இப்படிச் சொன்னார்" என்பது மாற்கு 3:30. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருட்டு என்று சொல்லி, அதில் பிடிவாதமாக நிற்பதைப் பற்றிய எச்சரிப்பு அது. அந்த வேதபாரகர் ராத்திரி தூக்கம் வராமல் நான் அப்படிச் செய்துவிட்டேனோ என்று அழுததாக எங்கும் இல்லை. இந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயந்து நடுங்குகிறவன் அதைச் செய்தவன் அல்ல என்று போதகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வேதத்தில் இந்த வாக்கியம் அப்படியே இல்லை, அனுபவத்தில் விளைந்த முடிவு இது. ஆனால் மாற்கு சொல்கிற சந்தர்ப்பத்தோடு நன்றாகப் பொருந்துகிறது, நானும் இதையே நம்புகிறேன்.

எபிரெயர் நிருபம் அவ்வளவு சுலபம் இல்லை. சத்தியத்தை அறிந்தபின் மனப்பூர்வமாய்ப் பாவம் செய்தால் இனிப் பலி இல்லை (10:26), ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூத்தமகன் உரிமையை விற்ற ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை (12:17) என்ற இரண்டையும் எழுதியிருந்தீர்கள். வேத அறிஞர்களே இங்கே ஒத்துப்போவதில்லை. உபத்திரவத்துக்குப் பயந்து கிறிஸ்துவையே வேண்டாம் என்று உதறிப் போகிறவர்களைப் பற்றியது இது என்று பலர் வாசிக்கிறார்கள். 10:29இல் தேவனுடைய குமாரனைக் காலின் கீழ் மிதிப்பது பற்றியும், 32ஆம் வசனத்திலிருந்து பாடுகளைப் பற்றியும் வருவதால் அந்த வாசிப்பில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்னும் கடுமையாக வாசிக்கிறவர்களும் உண்டு. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பன்யனை வருஷக்கணக்காக ஆட்டிவைத்தது இதே ஏசா வசனம்தான். கிறிஸ்துவை விற்றுவிட்டேன் என்ற எண்ணத்திலிருந்து மீள அவர் பட்ட பாட்டை, 1666இல் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தபோது தன் வரலாறாக எழுதினார். ஆகவே நீங்கள் பயப்படுவது புதிதும் அல்ல, கேவலமும் அல்ல.

வசனத்தை எப்படி வாசிப்பது என்பதில் சந்தேகம் இருந்தாலும், சபை என்ன தீர்ப்புச் சொன்னது என்பதில் சந்தேகம் இல்லை. 250ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். சிலர் மறுத்துச் செத்தார்கள். நிறையப் பேர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். காற்று அடங்கியதும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நோவாசியன், தான் சொன்னதற்காகத் தனிச் சபையே நடத்தினார். ரோம ஆயர் கொர்நேலியுவும் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனும், மனந்திரும்புதலின் காலத்துக்குப் பின் சேர்க்கலாம் என்றார்கள். அந்த சிப்ரியன் மறுதலிக்காதவர், 258இல் தலை வெட்டப்பட்டுச் செத்தவர். 325இல் நிசேயாவில் கூடிய பேரவை, நோவாசியன் கட்சியார் திரும்பி வந்தால், உபத்திரவத்தில் விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் வைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்த நிபந்தனை விழுந்தவனுக்குப் போட்டது அல்ல, நான் விழவில்லை என்று சொன்னவனுக்குப் போட்டது. சபைக்கு இருந்த எத்தனையோ தகராறுகளில் இது சரியாக முடிந்த ஒன்று என்று நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் சரி, மனசு ஏன் நம்பவில்லை? இங்கேதான் நான் மெதுவாக நடக்க வேண்டும். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்ற பாட்டை நீங்கள் பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி பாடியிருப்பீர்கள். சிலுவையில் தொங்கின கள்ளனும் அந்த ஊற்றில் முழுகினான், நானும் முழுகலாம் என்று சொல்கிற பாட்டு. ஆங்கிலத்தில் அதை எழுதியவர் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர். 1763இல், ஒரு அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் பயந்து மனம் உடைந்து, தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்சில் ஒரு மருத்துவரின் விடுதியில் சிகிச்சை பெற்றார். அங்கே ரோமர் 3:25ஐ வாசித்துத் தேறினார். பிறகு ஓல்னி என்ற சிற்றூரில் ஜான் நியூட்டன் ஆயராக இருந்த சபைக்குப் பக்கத்தில் குடிபோனார். நியூட்டன் அடிமைக் கப்பல் ஓட்டியவர், பின்னால் போதகரானவர். இருவரும் எழுதிய பாட்டுகள் 1779இல் ஒரே புத்தகமாக வந்தன.

ஆனால் புத்தகம் வருவதற்கு முன்பே, 1773 ஜனவரியில், கூப்பர் மறுபடி விழுந்துவிட்டார். உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்று கடவுளே சொன்னதாகக் கனவு. அதற்குப் பின் அவர் ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. எல்லாருக்கும் கிருபை உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்று 1800இல் சாகும்வரை நம்பினார். நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த ஆளின் பாட்டைத்தான் நம் ஊர்களில் சாவுப் படுக்கையின் பக்கத்தில் பாடி ஆறுதல் அடைகிறோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மன்னிக்கப்பட்டேன் என்ற உணர்வு மன்னிப்புக்கு அளவுகோல் அல்ல. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 3:20). இருதயம் இப்படிப் பேசும் என்று எதிர்பார்த்தே எழுதிய வசனம் அது. கூப்பரின் இருதயம் 27 வருஷம் அவருக்கு எதிராகப் பேசியது. அது நோய் பேசின பேச்சு என்று இன்றைக்கு எந்த மருத்துவரும் சொல்வார். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களோடு சண்டைக்கும் போவேன்.

உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதை ஒரு கடிதத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. குற்றம் செய்தவனுக்குக் குற்ற உணர்வு வருவது நோய் அல்ல, ஆரோக்கியம். ஆனால் ஒரே அறிக்கையை வார்த்தை மாறாமல் ராத்திரி திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரு வார்த்தை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பது, சரியாக அழவில்லையோ என்று மறுபடி அழுவது, இதெல்லாம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இது, பின்னால் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாருக்கு நடந்தது. 1522இல் மன்ரேசா என்ற ஊரில், அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, நிம்மதி கிடைக்காமல், அறையிலிருந்த குழியில் குதித்துச் சாகலாமா என்ற அளவுக்குப் போனார். ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு கட்டளையிட்டுச் சாப்பிட வைத்தார். கடைசியில் அவர் எடுத்த முடிவு, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்பது. அதோடு விடுபட்டார். மருத்துவர்கள் இதை, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிற ஓ.சி.டி. என்ற நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள், மருந்தும் பயிற்சியும் கொண்டு குணப்படுத்துகிறார்கள். ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்ததாக யாரும் சொல்வதில்லையே. உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றுகிற ராத்திரியில் காத்திருக்க வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இந்திய அரசின் இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். யூதாஸைப் பற்றி மத்தேயு 27 என்ன சொல்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அவன் மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். அறிக்கையும் இருக்கிறது, திருப்பிக் கொடுத்ததும் இருக்கிறது. ஆனால் சொன்ன இடம் பிரதான ஆசாரியர். அவர்கள், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அவன் தனியாகப் போனான், தனியாகச் செத்தான். பேதுருவும் அதே இரவில், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவன்தான். அவன் மற்ற சீஷர்களோடு இருந்தான், அங்கேயே ஆண்டவர் அவனைப் பார்த்தார். யூதாஸின் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் உங்கள் பாவத்தை உங்கள் தலையணையிடம் மட்டும் சொன்னால் அது திரும்ப அதையேதான் சொல்லும், உன்பாடு என்று. தனி அறிக்கை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1662ஆம் ஆண்டு ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்திலேயே, மனச்சாட்சி அமைதியாகாதவன் என்னிடமோ விவரமறிந்த வேறொரு குருவிடமோ வந்து தன் துக்கத்தைத் திறந்து சொல்லட்டும் என்ற அழைப்பு இருக்கிறது. உங்கள் ஆயரிடம் போங்கள். ஊர்க்காரர் என்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பக்கத்துச் சேகரத்துக்குப் போங்கள். ஒரு தடவை முழுவதும் சொல்லுங்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லி, உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொல்வதைக் காதால் கேளுங்கள். அதற்குப் பின் அந்தப் பாவத்தை ராத்திரி ஜெபத்தில் எடுக்காதீர்கள். கஷ்டமாக இருக்கும், எடுக்காதீர்கள்.

இனி அந்தப் பிள்ளைகள். கடவுள் மன்னிப்பதும், நீங்கள் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றுக்கு ஒன்று விலை அல்ல. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் வீட்டுக்கு நான் வர வேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பின். ஆனால் சொன்னான். மோசேயின் சட்டமும் இதில் தெளிவு: செய்த பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, குற்றம் செய்யப்பட்டவனுக்கே கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 5:7). வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் மட்டும்தான் அது ஆசாரியனுக்குப் போகும். அக்கா இல்லை, ஆனால் அக்காவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பங்கை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. கூடாது. கட்டிட நிதிக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும், நீங்கள் கொடுக்காதீர்கள்.

முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் திருவிருந்துக்கு வர வேண்டுமா என்றால், ஆயர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:24ஐக் காட்டி, முடித்துவிட்டு வா என்பார்கள் சிலர். நான் முன்பு சொன்ன 1662 புத்தகம், இயன்ற அளவெல்லாம் ஈடுசெய்ய ஆயத்தமாயிருந்து வா என்கிறது. நான் இந்தப் பக்கம். பத்திரப் பதிவு முடிய மாதக்கணக்காகலாம், அக்கா வீட்டுக்காரர் உங்களை வாசலிலேயே நிறுத்தலாம். அதுவரை பட்டினி கிடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆயத்தம் என்பது நினைப்பு அல்ல. உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. அவர் குடியிருக்கிற வீடு அது, முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு வக்கீலைப் பாருங்கள். எந்த வகைப் பத்திரம், இளையவனுக்கு 18 ஆகவில்லை என்றால் யார் பெயரில், முத்திரைக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியது. வீட்டைப் பிரிக்க முடியாது என்றால் அவர்கள் பங்கின் இன்றைய மதிப்பைப் பணமாகக் கொடுங்கள், அன்றைய மதிப்பை அல்ல.

அங்கே போகும்போது மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று போகாதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், காகிதத்தைக் கொடுங்கள். அந்தப் பெண் மாமாவை மன்னிக்காமல் போகலாம், அது அவள் உரிமை. கிறிஸ்தவப் பிள்ளை மன்னிக்க வேண்டும் என்று அவளுக்குப் பிரசங்கம் செய்ய உங்களுக்கு இடம் இல்லை, உங்கள் ஆயருக்கும் இல்லை. அக்கா சாகுமுன் மன்னித்தாரா என்பதையும் அவளிடம் கேட்காதீர்கள். தெரிந்தாலும் அவளாகச் சொல்லட்டும்.

கடைசியில், இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பத்திரம் பதிவாகி, அந்தப் பிள்ளைகள் கையில் போய்ச் சேரட்டும். அதற்கப்புறமும், சொல்லலாமா என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள், அது அவர்கள் அம்மாவின் கதையும் கூட. திருவிருந்துக்கு மட்டும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். ஆயரைப் பார்த்துப் பேசிவிட்டு, மனைவியிடமும் சொல்லிவிட்டு, வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வரிசை எழும்போது நீங்களும் எழுந்து போங்கள்.